14 நிமிட ஒலி நாடகம் ஒன்றைச் செய்து முடித்ததும், அதிலிருந்து தொழில் தொடங்கியதும்

2023 ஜனவரியில், அச்சகத்தில் பார்த்துவந்த பிழை திருத்தும் வேலையை விட்டேன். கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருந்தது, எழுதி முடித்த பதினோரு நாடகங்கள் இருந்தன. எல்லாமே காதுக்காக எழுதியவை. எங்கள் ஊரில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் படங்களின் கதை வசனம் போடுவார்கள். கொட்டகைக்குப் போகாமலேயே அதைக் கேட்டுக் கேட்டு முழுப் படத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் இருட்டில் இரண்டு குரல் பேசினால் போதும், மிச்சத்தைக் கேட்கிறவரே கட்டிக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்த நாடகங்களை மாற்றி மாற்றி 22 இடங்களுக்கு அனுப்பினேன். ஆடியோ கதைச் செயலிகள், ஸ்டூடியோக்கள், விளம்பர நிறுவனங்கள், இரண்டு சமுதாய வானொலிகள். மூன்று மாதத்தில் உருப்படியாக வந்த பதில் ஒன்றுதான்: “படித்தேன், நல்லா இருக்கு. கேட்கிற மாதிரி ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்னிடம் இல்லை. அந்தக் கேள்வி நியாயமானது என்று உடனே புரிந்துவிட்டது. ஒலி நாடகத்தின் எழுத்தைத் தாளில் பார்த்து இது காதில் எப்படி விழும் என்று சொல்லக்கூடியவர்கள் ரொம்பக் குறைவு, அவர்களுக்கும் நேரம் கிடையாது. சரி, ஒன்றையாவது முழுசாகச் செய்து முடிப்போம், அதன் பிறகு அனுப்புவோம் என்று உட்கார்ந்தேன்.

பதினொன்றில் எதை எடுப்பது என்பதற்கு என்னிடம் இருந்த வசதிதான் அளவுகோல். இரண்டே குரல், ஒரே இடம், இரவு நேரம். கதை இதுதான்: வயல்காட்டு மோட்டார் கொட்டகை, மும்முனை மின்சாரம் ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் வரும் என்ற முறை. அப்பாவும் மகனும் கரன்ட்டுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். நிலத்தை விற்பதற்கு மகன் ஏற்கெனவே முன்பணம் வாங்கிவிட்டான், அதைச் சொல்லத்தான் கூட வந்திருக்கிறான். கரன்ட் வருவதற்குள் சொல்லியாக வேண்டும். இருட்டில் நடக்கிற கதை என்பதால், பார்க்க முடியாதது ஒலி நாடகத்துக்குக் குறையாக இல்லாமல் கதையின் நிலைமையாகவே ஆகிவிடுகிறது.

முதல் வரைவை வீட்டில் நானே இரண்டு குரலிலும் வாசித்து போனில் பதிந்து கேட்டேன். தாளில் நன்றாக இருந்த வசனங்கள் காதில் நிற்கவில்லை. ஒரு இடம் இப்படி இருந்தது:

மகன்: அப்பா, டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன், ஸ்டார்ட்டர் பெட்டில இன்னும் விளக்கு எரியல, மணி வேற ஒண்ணே கால் ஆச்சு, நீங்க அந்தக் கயித்துக் கட்டில்ல படுத்துக்கங்க.

யாராவது தன் அப்பாவிடம் இப்படிப் பேசுவார்களா? இது கேட்பவருக்காகப் பேசுகிற வசனம். டார்ச், பெட்டி, மணி, கட்டில் என்று நான்கு பொருளையும் ஒரே மூச்சில் அவன் தலையில் ஏற்றிவிட்டேன். திருத்திய பிறகு:

ஒலி: தவளைகள். கயிற்றுக் கட்டில் முனகுகிறது. டார்ச் பொத்தான் அமுங்கும் சத்தம். இரும்புப் பெட்டிக் கதவு.
மகன் (தள்ளி): இன்னும் வரலப்பா.
அப்பா (மைக்கை ஒட்டி): வரும். வந்து உக்காரு.
ஒலி: பெட்டிக் கதவு மூடுகிறது. நான்கு அடி. கட்டில் இன்னொரு முறை முனகுகிறது.

வசனத்தில் முக்கால் பங்கு போய்விட்டது, ஆனால் படம் கூடிவிட்டது. கட்டில் இரண்டாம் முறை முனகும்போது மகன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. இந்த ஒரு பக்கத்தைத் திருத்தியதில் நான் கற்றது, பதினோரு நாடகங்களை எழுதியதிலும் கற்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய கொடுப்பினை. நம் வினைமுற்றே ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா என்று சொல்லிவிடும். ‘வந்தான்’, ‘வந்தா’, ‘வந்தாங்க’ என்ற மூன்றில் எது வாயில் வருகிறது என்பதைக் கேட்டாலே பேசுகிறவருக்கும் பேசப்படுகிறவருக்கும் என்ன உறவு என்று பிடிபட்டுவிடும். “இவர் என் பெரியப்பா” என்று அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, “வாங்க பெரியப்பா” போதும். என் நாடகத்தில் மகன் அப்பாவை முழுக்க ‘நீங்க’ என்கிறான். உண்மையைச் சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு இடத்தில் ‘நீ’ என்று வருகிறது: “நீ என்னைக்குப்பா என்னைக் கேட்டுச் செஞ்ச?” அந்த ‘நீ’க்காகத்தான் மிச்சம் பதின்மூன்று நிமிஷம் ‘நீங்க’ போட்டு வைத்தேன். கேட்டவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தைத்தான் குறிப்பிட்டுச் சொன்னார்கள்.

நேரக் கணக்கு. என் எழுத்தில் தமிழ் வசனம் நிமிடத்துக்கு 95 சொல் சுமாராக ஓடுகிறது, சண்டைக் காட்சியில் 120 வரை போகும், இந்த நாடகம் மாதிரி மௌனம் அதிகம் இருந்தால் 70 கூட வராது. 12 நிமிடம் என்று நினைத்து எழுதியது 14 நிமிடம் 20 விநாடிக்கு வந்தது. இப்போதெல்லாம் எழுதி முடித்ததும் ஸ்டாப்வாட்ச் வைத்து, ஒலிக்குறிப்பு வருகிற இடத்தில் அந்த ஒலியை மனசுக்குள் ஓடவிட்டுச் சும்மா இருந்து, முழுசாக ஒருமுறை வாசித்துப் பார்க்காமல் யாருக்கும் நீளம் சொல்வதில்லை.

அப்புறம் மைக். நான் செய்த பெரிய தப்பு முதலில் கண்டன்சர் மைக் வாங்கியது. ஸ்டூடியோ தரம் என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மைதான், ஆனால் அது ஸ்டூடியோவுக்குள் இருக்கும்போது. திருச்சி உறையூரில் மாடி வாடகை வீட்டில் அது கீழ்வீட்டு மிக்ஸி, தெருமுனை ஆட்டோ, பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது வரை அத்தனையும் அழகாகப் பிடித்தது. இரண்டு வாரம் போராடிவிட்டு அதை விற்று, பழைய ஷ்யூர் எஸ்எம் 58 ஒன்று வாங்கினேன். மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கிற அதே மைக்தான். டைனமிக் வகை என்பதால் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை எடுக்கும், தூரத்துச் சத்தம் அவ்வளவாக ஏறாது. ஒலிப்பதிவுக்கு ரீப்பர் மென்பொருள். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். ஆடாசிட்டி முழுக்க இலவசம், அதிலும் செய்யலாம், ஆனால் இருபது முப்பது டிராக்கை, அதாவது தனித்தனி ஒலி வரிசைகளை, அடுக்கி வேலை பார்க்க எனக்கு ரீப்பர் வசதியாக இருந்தது. பதிவு எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, ஒலித் தரத்தைக் குறைக்காத வடிவம் அது.

அறையைச் சரி செய்ய ஃபோம் ஒட்டவில்லை. மெல்லிய ஃபோம் மேல்ஸ்தாயி எதிரொலியைத்தான் குடிக்கும், கீழே உள்ள கும்மென்ற சத்தம் அப்படியே நிற்கும். பீரோ கதவு இரண்டையும் திறந்து வைத்தேன், உள்ளே அடுக்கிய சேலைகள் நல்ல வேலை செய்யும். எதிரே இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்து, ஜன்னலுக்கு இரண்டு மடிப்பு ஜமுக்காளம், தரையில் பாய்க்கு மேல் கம்பளி. ஃபேனை அணைத்தாக வேண்டும், சித்திரை மாதம், உள்ளே பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அதுவரை ஓடிக்கொண்டிருந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் நின்றது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ஆரம்பத்தில் யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் சும்மாச் சத்தம் மைனஸ் 48 டெசிபெல், எல்லாம் முடிந்த பிறகு மைனஸ் 61 (எண் கீழே போகப் போக அமைதி கூடும்). ஆங்கில ஒலிநூல்களை வாங்கும் ஏசிஎக்ஸ் தளம் மைனஸ் 60-க்குக் கீழே கேட்கிறது, அதையே என் கோடாக வைத்துக்கொண்டேன். பதிவு நேரம் இரவு 11 முதல் 4 வரை. நாலரைக்குக் குயில் ஆரம்பித்துவிடும், சித்திரை வைகாசியில் அதை எந்த ஜமுக்காளமும் தடுக்காது.

குரலுக்கு வருகிறேன். திருச்சியில் வானொலி நிலையம் 1939 மே மாதத்திலிருந்து இருக்கிறது. அதனால் இந்த ஊரில் எந்தத் தெருவிலும் விசாரித்தால் ஒரு காலத்தில் வானொலி நாடகத்தில் நடித்தவர் ஒருவர் கிடைத்துவிடுவார். வானொலியில் நாடகக் கலைஞர்களுக்குக் குரல் தேர்வு வைத்து கீழிருந்து மேலாக பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் கொடுப்பார்கள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ‘பி ஹை’ வாங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார், வயது 71. போய்க் கேட்டேன். தாளை வாங்கி முதலில் ஓசை வராமல் வாசித்தார். பிறகு கேட்டார், “ஏம்மா, இந்த அப்பா வெத்தலை போடுவாரா?”

நான் யோசிக்கவே இல்லை. “போடுவார் ஐயா” என்றேன்.

“அப்ப முதல் பாதி முழுக்க வாயில அடக்கிக்கிட்டுப் பேசுறேன். பையன் சொன்னதும் துப்பிடுவேன். அப்புறம் பேசுற குரல் வேறயா இருக்கும்.”

தாளில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கதாபாத்திரத்தின் உடம்பையே கொண்டுவந்து கொடுத்தார். நிஜ வெற்றிலையை வைத்துப் பேசினால் சொல் தெளிவு போகும் என்று, ஒரு சின்னக் கொத்து பஞ்சைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசினார். துப்புகிற சத்தத்தைத் தனியாக ஈர மண் தட்டில் எடுத்தோம்.

மகனாக நடித்த தம்பி கல்லூரி மாணவன், குரல் நல்ல குரல், ஆனால் மைக்கைப் பார்த்ததும் மேடையில் நிற்பதுபோல் பேசினான். பெரியவர்தான் சரி செய்தார். “மைக்குக்குப் பேசாத தம்பி. நான் இங்க ஒரு முழம் தூரத்துல இருக்கேன், எனக்குப் பேசு. மைக் பக்கத்துல நின்னு ஒட்டுக் கேக்குது, அவ்வளவுதான்.” அதன் பிறகு அவன் பேசியதை அப்படியே வைத்துக்கொண்டேன், முன்னால் எடுத்த நாற்பது நிமிடத்தை அழித்தேன்.

இருவருக்கும் ஒரே மைக். தனித்தனியாகப் பதிந்து ஒட்டலாம், இன்று பலர் அப்படித்தான் செய்கிறார்கள், வசதியும் அதுதான். ஆனால் இந்த நாடகத்தில் ஒருவர் பேச்சுக்கும் இன்னொருவர் பேச்சுக்கும் நடுவே இருக்கிற தயக்கம்தான் கதை. அதை எடிட்டிங்கில் உண்டாக்கிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. ஒரே மைக்கில் எடுக்கும்போது தூரம் என்பது உடம்பால் செய்வது. ‘தள்ளி’ என்று எழுதியிருந்தால் இரண்டு அடி பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ரகசியம் என்றால் மைக்கிலிருந்து நாலு விரல். கத்தும்போது அரை அடி பின்வாங்கி மைக்கைத் தாண்டிக் கத்த வேண்டும். ‘ப’வில் தொடங்கும் சொல் காற்றடித்து மைக்கில் மோதும், ‘பணம்’ என்ற சொல் இந்த நாடகத்தில் பதினேழு இடத்தில் வருகிறது, அதனால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டு ஓரத்துக்குச் சாய்த்து வைத்தோம். கடைசியில் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்க, அறையின் மௌனத்தை மட்டும் தனியாகப் பதிந்தேன். வசனத்தை வெட்டுகிற இடங்களில் இந்த மௌனத்தைத்தான் ஒட்ட வேண்டும், வெறுமையாக விட்டால் காது அங்கே குழிக்குள் விழுந்த மாதிரி திடுக்கிடும். ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன், குறைவுதான், இருவரிடமும் அதைச் சொல்லியே கொடுத்தேன்.

ஒலிகளைச் சேர்த்த பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது, அதில்தான் அதிக நாளும் போனது. மோட்டார் ஓடும் நிஜமான சத்தம் வேண்டும் என்று லால்குடிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்ப் பதிந்து வந்தேன். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தும்போது வரும் ‘டப்’பும், உள்ளே தகடு ஒட்டும் அந்த அதிர்வும் அருமையாக வந்தன. ஆனால் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தை வீட்டில் போட்டுக் கேட்டால் அப்பளம் பொரிகிற மாதிரி இருந்தது. கண்ணால் பார்க்கும்போது அது தண்ணீர், கண்ணை மூடினால் வெறும் இரைச்சல். அங்கே பார்த்ததை நினைவுபடுத்திக்கொண்டேன்: மோட்டார் போட்டதும் உடனே தண்ணீர் வராது, குழாய் முதலில் காற்றைத் துப்பும், இருமும், ஒரு கை தண்ணீரை வீசும், மறுபடி இருமும், அப்புறம்தான் கொட்டும். அந்த வரிசையைச் செய்துவிட்டால் பிறகு வருவது எந்த இரைச்சலாக இருந்தாலும் காது அதைத் தண்ணீர் என்று ஏற்றுக்கொள்கிறது. இருமலை ஹோஸ் குழாயில் வாயால் ஊதி, வாளித் தண்ணீரில் எடுத்தேன். அதன் மேல் தோட்டத்தில் பதிந்ததைத் தூரத்துப் பின்னணியாகப் போட்டேன். வரப்புச் சேற்றில் நடப்பதற்கு நனைத்த பழைய துண்டைத் தாம்பாளத்தில் பிசைந்தேன். டார்ச் பொத்தானுக்கு நிஜ டார்ச் எடுபடவில்லை, பழைய சுவர் ஸ்விட்ச் ஒன்றைக் கையில் பிடித்து அழுத்தியது சரியாக இருந்தது.

தவளைதான் சிக்கல். வேலை நடந்தது ஏப்ரலில், தவளைக்கு எங்கே போவது. இணையத்தில் ஃப்ரீசவுண்ட் தளத்தில் எடுத்தேன். அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் தனித்தனி: சில எந்த நிபந்தனையும் இல்லாதவை, சிலவற்றுக்குப் பதிந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், சிலவற்றைக் காசு வாங்குகிற வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. இதைப் பார்க்காமல் எடுத்துப் போட்டு, பிறகு ஒரு தொடரின் பின்னணி முழுவதையும் மாற்ற வேண்டிவந்த ஒருவரை எனக்குத் தெரியும். நான் நிபந்தனை இல்லாத ஒன்றை எடுத்துப் போட்டேன். பெரியவரிடம் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார், கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். “எல்லாம் நல்லா இருக்கும்மா. தவளை மட்டும் நம்ம ஊர்த் தவளை இல்ல.” ஐரோப்பாவில் எங்கோ பதிந்த தவளை. எனக்குத் தெரியவில்லை, வயலில் பிறந்து வளர்ந்தவருக்கு முதல் விநாடியிலேயே தெரிந்துவிட்டது. அப்போதைக்கு அதை அடக்கி, சுவர்க்கோழிச் சத்தத்தை ஏற்றி முடித்தேன். ஆனால் மனசு ஒப்பவில்லை.

குரலையும் ஒலிகளையும் ஒன்றாக்கும் கலவையில் இரண்டு விஷயம் சொல்கிறேன், மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டினேன், 250 ஹெர்ட்ஸைச் சுற்றி இரண்டு மூன்று டெசிபெல் குறைத்தேன், லேசாக 3-க்கு 1 கம்ப்ரஷன், அதாவது உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது. முழு நாடகத்தின் உரத்தை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரத்தின் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபெலுக்குள் என்று நிறுத்தினேன், ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைப்பதும் இதுதான். இது முதல் விஷயம். இரண்டாவது, ஹெட்போனில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஹெட்போனில் என் மோட்டார் நெஞ்சை அதிரவைத்தது. போன் ஸ்பீக்கரில் போட்டேன், மோட்டாரே இல்லை! போனின் குட்டி ஸ்பீக்கரால் அந்தக் கீழ்ஸ்தாயியை எழுப்பவே முடியாது. நாடகத்தின் முடிவே மோட்டார் ஓடுவதில்தான் இருக்கிறது, அது கேட்காவிட்டால் கதையே இல்லை. பேரிங் கடகடப்பதையும், கொட்டகையின் தகரம் அதிர்வதையும் தனியாக மேலே சேர்த்தேன். இரண்டும் மேல்ஸ்தாயிச் சத்தம், எந்தப் போனிலும் கேட்கும். அவை கேட்டதும் காது அடியில் இல்லாத முனகலையும் தானே சேர்த்துக்கொள்கிறது. பிறகு டவுன் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரை இயர்போனில் கேட்டபடி போனேன். பஸ் சத்தத்தில் மறைந்துபோன நான்கு வசனங்களைக் குறித்துக்கொண்டு வந்து ஏற்றினேன்.

மொத்தம் 61 மணி நேரம். ஜூன் மாதம் அதே 22 இடங்களுக்கும், புதிதாகப் பத்து இடங்களுக்கும் அனுப்பினேன். இந்த முறை கடிதத்தில் ஸ்கிரிப்ட் பற்றி எதுவும் எழுதவில்லை. ‘14 நிமிட நாடகம், எழுத்தும் தயாரிப்பும் நான், முதல் 90 விநாடி கேளுங்கள்’ என்று இணைப்பு மட்டும். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். அதில் கிடைத்த வேலைகள் இவை: ஒரு மருத்துவத் தொண்டு நிறுவனத்துக்குக் காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதைப் பற்றி ஆறு குறு நாடகங்கள், ஒரு பள்ளிப் பாடக் குழுவுக்கு வரலாற்றுக் காட்சிகள் நான்கு, ஒரு கல்லூரிச் சமுதாய வானொலிக்குக் காசில்லாமல் ஒன்று. அந்தக் காசில்லாத வேலையை நான் மகிழ்ச்சியாகச் செய்தேன். கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் நடத்துகிற இந்தச் சின்ன நிலையங்களில் நம் நாடகம் நிஜமாக ஒலிபரப்பாகும், ஊர்க்காரர்கள் போன் போட்டுப் பேசுவார்கள்.

பணத்தில் நான் அடிபட்டதையும் எழுதிவிடுகிறேன். ஒரு ஆடியோ நிறுவனம் 40 அத்தியாயத் தொடர் கேட்டது, ஸ்கிரிப்ட் மட்டும், சொல்லுக்கு 35 பைசா. அத்தியாயம் 1,200 சொல், அதாவது 420 ரூபாய். ஒரு அத்தியாயத்துக்கு எனக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது. பெரிய இடம், பெயர் வரும் என்று ஒப்புக்கொண்டு 16 அத்தியாயம் கொடுத்தேன். பணம் வர ஐந்து மாதம் ஆனது, தொடர் இன்றுவரை வெளிவரவில்லை. அந்த எழுத்தைத் திரும்ப வாங்கலாமா என்று பார்த்தபோதுதான் பதிப்புரிமைச் சட்டத்தை ஒழுங்காகப் படித்தேன். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு: உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகிவிடும், ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும். நான் கையெழுத்துப் போட்டதில் வேறுவிதமாகத்தான் எழுதியிருந்தது: எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுக்க, நிரந்தரமாக, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும். அந்தப் பதினாறும் போனது போனதுதான். அதில் ஒரு பாட்டி இருந்தாள், நான் எழுதியவற்றிலேயே நல்ல பாத்திரம், இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

அதற்குப் பிறகு சொல் கணக்கை விட்டு, முடிந்த ஒலியின் நிமிடக் கணக்குக்கு மாறினேன். கணக்கு இப்படி: 12 நிமிட நாடகம் ஒன்றுக்கு இப்போது எனக்கு 26 மணி நேரம், மணிக்கு 400 என்று 10,400. குரல் கலைஞர் இருவருக்கு 3,000. கருவித் தேய்மானம், மின்சாரம், போக்குவரத்து 1,000. ஆக 14,400, நிமிடத்துக்கு 1,200 ரூபாய். மூன்றாவது குரல் சேர்ந்தால் அது தனி. ஸ்கிரிப்ட் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு 3,600, அதற்குக் கீழே இறங்குவதில்லை. தொடக்கத்தில் 40 சதவீதம் முன்பணம். திருத்தம் இரண்டு முறை இலவசம், அதுவும் எழுத்துக் கட்டத்தில். குரல் பதிந்த பிறகு வசனம் மாற்றச் சொன்னால் கலைஞரை மறுபடி அழைக்கும் செலவு அவர்களுடையது. உரிமை ஐந்து ஆண்டு, தமிழ் ஒலி வடிவம் மட்டும். வீடியோவாக்கவோ வேறு மொழிக்கோ தனி ஒப்பந்தம். குரல் கலைஞர்களுக்கும் ஒரு பக்க ஒப்பந்தம் போடுகிறேன், அவர்கள் குரலைக் கணினியில் நகலெடுக்கக் கூடாது என்ற வரி அதில் கட்டாயம் உண்டு, அதே வரி வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலும் உண்டு. பெரியவருக்கு அந்த வரியை விளக்கியபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பிறர் கதையை நாடகமாக்கச் சொல்லி வந்தால் முதல் கேள்வி, எழுதியவர் எப்போது இறந்தார். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு, அதற்குள் என்றால் வாரிசிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், நிறுவனங்கள் பில்லில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு அனுப்பும், பான் எண் கொடுக்காவிட்டால் 20. அது போன பணம் இல்லை, வருமான வரித் தாக்கலில் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம். முதல் வருஷம் நான் தாக்கல் செய்யாமல் விட்டேன், அப்படி விடாதீர்கள்.

2023 அக்டோபரில் நல்ல மழை பெய்த ஒரு ராத்திரி, கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு வயலோரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு தவளைச் சத்தத்தை 40 நிமிடம் பதிந்தேன். தனியாகப் போக வேண்டாம் என்று மகனாக நடித்த தம்பி வண்டி ஓட்டி வந்தான். “அக்கா, இதுக்கு இவ்வளவு தூரமா?” என்று கேட்டவன், ஹெட்போனை மாட்டியதும் பேசவில்லை. ஒரு தவளை பக்கத்தில் தொடங்குகிறது, நிறுத்துகிறது, தூரத்தில் நூறு தவளைகள் பதில் சொல்கின்றன, நடுவே மொத்தமாக ஒரு விநாடி அடங்குகிறது. அந்த அடங்கலை எடுத்து, மகன் “முன்பணம் வாங்கிட்டேன்பா” என்று சொன்னதற்கு அடுத்த இடத்தில் வைத்தேன். பழைய தவளையை முழுக்க எடுத்துவிட்டு நாடகத்தை மறுபடி ஒரே கோப்பாக எடுத்தேன். பெரியவர் கேட்டுவிட்டு, “ஆங், இது கொள்ளிடம்” என்றார்.

போன மாதம் எட்டு அத்தியாய வேலை ஒன்று வந்தது, இந்தப் புது வடிவத்தைக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் நடக்கிற கதை, இருபது பேர் சேர்ந்து பேசுகிற கும்பல் சத்தம் வேண்டும், என்னிடம் இருப்பது ஒரு மைக்கும் ஐந்து பேரும். ஐந்து பேரை நான்கு முறை இடம் மாற்றி நிறுத்திப் பதிந்து அடுக்கிப் பார்த்தேன், எண்ணிக்கை வந்துவிட்டது, ஆனால் எல்லோரும் ஒரே வயதில் ஒலிக்கிறார்கள். நாளை இரவு எங்கள் தெருப் பாட்டிகள் இருவர் வருகிறார்கள்.